ஒன்பது பிள்ளைக்கு இரண்டு தறி, ஒரு பிள்ளைக்கு ஆறு தறி: வாசகர் கேள்வி-பதில்

வசதிக்கும் குடும்ப அளவுக்கும் என்ன உறவு, அது அரசின் பொருளாதாரக் கொள்கையை எப்படி மாற்றுகிறது என்று சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி (அம்மாப்பேட்டை வாசகர்): என் தாத்தா வீட்டில் இரண்டு கைத்தறி, ஒன்பது பிள்ளைகள். எங்கள் வீட்டில் ஆறு விசைத்தறி, ஒரே மகன். வசதி வந்தால் பிள்ளைகள் கூடத்தானே வேண்டும்? ஏன் தலைகீழாக நடக்கிறது?

பதில்: உங்கள் தாத்தாவின் தறி வீட்டில் யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குழித்தறியில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் மூன்று பேருக்காவது வேலை இருந்தது. நூலுக்குக் கஞ்சி போட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு (நெடுக்கு நூல்) ஓட்ட வேண்டும், ராட்டையில் தார் (குறுக்கு நூல் சுற்றிய குழல்) சுற்ற வேண்டும். தார் சுற்றுவதற்கு ஏழெட்டு வயதுப் பிள்ளையே போதும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் தார் தீர்ந்ததும் அடுத்தது தயாராக இல்லாவிட்டால் தறி நிற்கும், அன்றைய கூலியும் நிற்கும். அந்த வேலைக்கு வெளியாளை வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு பிள்ளையும் சில வருடங்களிலேயே தன் சோற்றுக்குத் தானே சம்பாதித்துவிட்டது. வயதான காலத்தில் கஞ்சி ஊற்றப்போவதும் அதே பிள்ளைகள்தான். அந்தக் கணக்கில் ஒன்பது பிள்ளை என்பது விவரமான முடிவுதான்.

இப்போது உங்கள் மகனின் கணக்குக்கு வாருங்கள். 21, 22 வயது வரை அவனிடமிருந்து வரவே இல்லை, செலவு மட்டும்தான். பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன் என்று எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் விட்டுப்போவது அம்மாவின் கூலி. நாளைக்கு 450 ரூபாய், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் 11,250 ரூபாய். குழந்தைக்காக அவர் இரண்டு வருடம் தறிப்பக்கம் வராவிட்டால் போவது 2,70,000 ரூபாய். கூலி ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். வசதி ஒரு கையால் பணத்தைக் கொடுக்கிறது, மறு கையால் பிள்ளையின் விலையை ஏற்றிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கைதான் ஜெயிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கையில் காசு சேர்ந்ததும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்குப் போய் ஆறு ஜோடி மெல்லிய கொலுசு யாரும் வாங்குவதில்லை. கனமாக, கெட்டியாக ஒரு ஜோடி வாங்குகிறோம். பிள்ளை விஷயத்திலும் மனம் அப்படித்தான் ஓடுகிறது. மூன்று பேருக்குச் சாதாரணப் படிப்பு என்பதைவிட ஒருவருக்கு நல்ல படிப்பு என்று முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் நடக்கும் இந்தப் பேரத்தைப் பொருளாதாரக் கணக்காக 1960-ல் எழுதிக் காட்டியவர் கேரி பெக்கர். 1992-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

கேள்வி (ஏற்காடு வாசகர்): எங்கள் மலையில் காப்பித் தோட்டக் கூலி வீடுகளிலும் இப்போது இரண்டு பிள்ளைதான். அங்கே என்ன பெரிய வசதி வந்துவிட்டது? அப்படியானால் உங்கள் கணக்கு தப்பாகாதா?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். பிள்ளை குறைவதற்குப் பணம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பணம் வருவதற்கு முன்பே வேறு மூன்று விஷயங்கள் வந்தாலும் போதும்.

முதலாவது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் 1971-ல் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 100-க்கும் மேற்பட்டவை ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 13. நான்கு பெற்றால்தான் இரண்டு மிஞ்சும் என்று இருந்த காலத்தில் ஆறு பெற்றார்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் தடுப்பூசியும் மலைக்கு ஏறி வந்த பிறகு அந்த 'உபரி'க்குத் தேவை போய்விட்டது. இரண்டாவது, பெண் பிள்ளையின் படிப்பு. 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை உட்கார வைத்தது. பத்தாவது வரை படித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது, முதல் பிரசவமும் தள்ளிப்போகிறது. மூன்றாவது, பக்கத்து வீடு. ஊரில் பத்துப் பேர் இரண்டோடு நிறுத்தினால் பதினோராவது ஆளுக்கு நான்கு பெறக் கூச்சம் வந்துவிடும். 1952-ல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும், சுவர் சுவராகச் சிவப்பு முக்கோணத்தோடு எழுதிய 'நாம் இருவர், நமக்கு இருவர்' வாசகமும் அந்தக் கூச்சத்துக்கு உரம் போட்டன.

பங்களாதேஷ் இதற்குப் பெரிய சாட்சி. 1970-களில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஏழு பிள்ளைக்குக் கொஞ்சம் குறைவு. பணக்கார நாடாக ஆகாமலேயே இன்று இரண்டை ஒட்டி வந்துவிட்டது. 1974-ல் புகாரெஸ்ட் மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசிய கரண் சிங், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்றார். பாதி உண்மை. வளர்ச்சியில் எந்தப் பகுதி என்று கேட்டால், தமிழ்நாட்டின் பதில் செவிலியரும் சத்துணவும். சம்பளம் பின்னால் வந்தது.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் கருவள விகிதம். மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க அது 2.1 இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாடு 1.8, இந்தியா 2.0, பீகார் 3.0. பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து பதியும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையில் 2020-க்குத் தமிழ்நாட்டின் எண் 1.4. இரண்டும் வேறு வேறு முறையில் எடுப்பவை. ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிட்டு 'இரண்டு வருடத்தில் இவ்வளவு விழுந்தது' என்று செய்தி போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வி (தாரமங்கலம் வாசகி): எங்களுக்கு இரண்டும் பெண் குழந்தைகள். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் பணம் கிடைக்கும் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் மனுவைத் தள்ளிவிட்டார்கள். எங்கே தவறு நடக்கிறது?

பதில்: இது 1992-ல் தொடங்கிய திட்டம். ஒரே பெண் குழந்தையோடு நிறுத்திய குடும்பத்துக்கு 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் தலா 25,000 ரூபாய். பணம் கையில் வராது. அரசின் மின்விசை நிதி நிறுவனத்தில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இருக்கும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதியிருந்தால் வட்டியோடு கிடைக்கும்.

பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்திருக்க வேண்டும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பிறகு தத்தெடுக்கவும் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டு பெண் குழந்தைகள் என்றால் இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

பல மனுக்கள் இந்த மூன்று வயதில்தான் விழுகின்றன. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதுதான் திட்டத்தின் நினைவே வருகிறது. அதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. அடுத்தது பெயர். ஆதாரில் 'செல்வராஜ்', பிறப்புச் சான்றில் 'செல்வராசு', அறுவைச் சான்றில் வேறு இனிஷியல் என்றால் மனு திரும்பி வரும். இ-சேவை மையத்துக்குப் போவதற்கு முன் பிறப்புச் சான்று, அறுவைச் சான்று, தாசில்தாரிடம் வாங்கிய வருமானச் சான்று, ஆண் வாரிசு இல்லை என்ற சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றையும் ஒன்றாக விரித்துப் போட்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வைப்புத்தொகைப் பத்திரம் வந்ததும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது; நடந்திருக்கிறதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டம் பிறந்த அதே 1992-ல்தான், பெற்றோர் வேண்டாம் என்று விடும் குழந்தையை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டமும் சேலத்தில் தொடங்கியது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: பெண் சிசுக்கொலை. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. சிறு குடும்பம் என்ற நல்ல பழக்கத்துக்கு இப்படி ஒரு கொடிய பக்கமும் இருந்தது. ஐந்து பெற்றபோது ஒன்றாவது ஆணாக இருந்துவிடும். இரண்டோடு நிறுத்த முடிவெடுத்து, அதில் ஒன்று ஆணாகவே வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தால், பலியாவது பெண் சிசு. நிலமும் வரதட்சணையும் பெருகிய வீடுகளில் அந்தப் பிடிவாதம் குறையவில்லை. வசதி வந்தால் புத்தியும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிள்ளை குறைகிறதே என்று அரசு கவலைப்படும் இந்தக் காலத்திலும், பெண் குழந்தைக்கான உதவியை அறுவைச் சான்றோடு கட்டி வைத்திருப்பது விநோதம்தான். இந்த நிபந்தனையைத் தளர்த்தும் நேரம் வந்துவிட்டது என்பது எங்கள் கருத்து.

கேள்வி (ஆத்தூர் கல்லூரி ஆசிரியர்): மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்காகத் தமிழ்நாடு நிதிப் பங்கில் தண்டிக்கப்படுகிறது என்பது எவ்வளவு உண்மை? வகுப்பில் எண்களோடு விளக்க வேண்டும்.

பதில்: கரும்பலகையில் முதலில் இரண்டு வரி எழுதுங்கள். 1971-ல் தமிழ்நாடு 4.12 கோடி, இந்தியா 54.8 கோடி: பங்கு 7.5 சதவீதம். 2011-ல் தமிழ்நாடு 7.21 கோடி, இந்தியா 121 கோடி: பங்கு 6 சதவீதம். ஒன்றரைப் புள்ளி போனது எங்கே என்பதுதான் கதை.

மத்திய வரியில் மாநிலங்களுக்குப் போகும் தொகையைப் பிரிக்க 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு நூற்றுக்கு இத்தனை என்று வைத்த எடைகள் இவை: வருமான இடைவெளி 45, மக்கள்தொகை 15, பரப்பு 15, மக்கள்தொகைச் செயல்பாடு 12.5, காடு 10, வரி முயற்சி 2.5. முன்பு பல குழுக்கள் 1971 கணக்கெடுப்பைப் பயன்படுத்தின. 14-வது குழு 1971-க்கு 17.5, 2011-க்கு 10 என்று இரண்டையும் வைத்தது. 15-வது குழு 2011-க்கே முழுதாக மாறியது.

பலர் 15 என்ற எண்ணை மட்டும் பார்த்து, பாதிப்பு சின்னதுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். 45-ஐ உற்றுப் பாருங்கள். ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் மேல்மட்ட மாநிலத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை 2011 மக்கள்தொகையால் பெருக்கித்தான் அந்தப் பங்கு வருகிறது. ஆக 60 சதவீத எடை தலை எண்ணிக்கையைத் தொட்டுத்தான் போகிறது. தமிழ்நாட்டுக்கு இங்கே இரட்டை அடி: வருமானம் கூடியதால் இடைவெளி சிறிது, பிள்ளை குறைந்ததால் பெருக்கும் எண்ணும் சிறிது.

ஈடு செய்யத்தான் மக்கள்தொகைச் செயல்பாடு என்ற 12.5. அதைக் கணக்கிடும் விதம் மாணவர்களுக்குப் பிடிக்கும்: 1971 மக்கள்தொகையைக் கருவள விகிதத்தால் வகுக்க வேண்டும். கற்பனையாக 4 கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் விகிதம் 1.6 என்றால் விடை 2.5. 8 கோடிப் பேர் உள்ள மாநிலத்தில் விகிதம் 3.2 என்றால் அங்கேயும் 2.5. பாதி மக்கள், சம பங்கு. கட்டுப்படுத்தியதற்கு இதுதான் பரிசு.

விளைவு? தமிழ்நாட்டின் பங்கு 13-வது குழுவில் 4.969 சதவீதம், 14-வதில் 4.023, 15-வதில் 4.079. பெரிய சரிவு 14-வதில் நடந்துவிட்டது, பரிசு அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். 2024-25 பட்ஜெட்டில் மாநிலங்களுக்குப் பிரித்த தொகை சுமார் 12.47 லட்சம் கோடி. அந்தத் தொகையில் 4.969-க்கும் 4.079-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய். ஆனால் இதில் எல்லாமே பிள்ளை குறைந்ததால் போனதல்ல என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் என்ற கொள்கை எந்தக் கூட்டாட்சியிலும் இருக்கும். நம் வழக்கு, அந்தக் கொள்கையின் மேல் தலை எண்ணிக்கையையும் ஏற்றி வைத்ததைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

மக்களவைத் தொகுதி விவகாரமும் இதே வேரிலிருந்து முளைத்தது. 1976-ல் அரசியலமைப்பின் 42-வது திருத்தம், மாநிலத்துக்கு எத்தனை தொகுதி என்பதை 1971 மக்கள்தொகைக் கணக்கில் உறைய வைத்தது. 2001-ல் நிறைவேறிய 84-வது திருத்தம் அதை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. புதிய கணக்கில் பிரித்தால் நம் 39 தொகுதிகளின் பங்கு குறையுமோ என்ற கவலை அங்கிருந்துதான்.

கேள்வி (இளம்பிள்ளை தறிப்பட்டறை உரிமையாளர்): உள்ளூர்ப் பையன்கள் தறிக்கு வருவதில்லை. பீகார், ஒடிசா ஆட்களை நம்பி ஓட்டுகிறோம். இது எத்தனை நாளைக்கு?

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் குறைந்த நாளைக்கு. பீகாரின் கருவள விகிதம் 2005-06 ஆய்வில் 4.0, 2019-21-ல் 3.0. ஒடிசா ஏற்கெனவே 2.1-க்குக் கீழே. இன்று உங்கள் பட்டறையில் நிற்கும் 25 வயது ஆள், பிறப்பு அதிகமாக இருந்த காலத்துப் பிள்ளை. அவருடைய தம்பிகள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களைச் சூரத்தும் பெங்களூரும் கூப்பிடும், ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தால் அதுவும் கூப்பிடும்.

இரண்டு வேலை இப்போதே செய்யலாம். ஆள் நிலைக்க வேண்டுமென்றால் குடும்பத்தோடு வரவழையுங்கள். தனி ஆள் தீபாவளிக்குப் போனால் திரும்புவது அவர் இஷ்டம். பிள்ளை உள்ளூர்ப் பள்ளியில் படித்தால் திரும்பியே ஆக வேண்டும். அவருடைய சொந்த ஊர் ரேஷன் அட்டைக்கு 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வசதியில் இங்கேயே அரிசி வாங்க முடியும்; கைரேகை பதிவாகாமல் போவதும், ஊரில் ஆதார் இணைக்காமல் விட்டிருப்பதும்தான் வழக்கமான தடங்கல். புதிய இயந்திரம் போடுவதானால், தறி எண்ணிக்கையைக் கூட்டாமல் ஆள் ஒருவருக்கு எத்தனை தறி என்பதைக் கூட்டுங்கள்.

கேள்வி (மேட்டூர் வாசகி): அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதலமைச்சர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அரசு பணம் கொடுத்தால் மக்கள் பெறுவார்களா?

பதில்: 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடுவும் ஸ்டாலினும் அடுத்தடுத்துப் பேசினார்கள். இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தை ஆந்திரா அடுத்த மாதமே நீக்கியது.

வெளிநாட்டு அனுபவம் ஊக்கம் தருவதாக இல்லை. சிங்கப்பூர் 1972-ல் 'இரண்டோடு நிறுத்து' என்றது, 1987-ல் 'முடிந்தால் மூன்று பெறு' என்று திருப்பிப் போட்டது. 2023-ல் அங்கே கருவள விகிதம் 0.97. ரொக்கம், வீடு, சலுகை என்று கொட்டிய தென்கொரியா அதே ஆண்டு 0.72. நிறுத்தச் சொன்னால் கேட்கிறார்கள், பெறச் சொன்னால் கேட்பதில்லை. ரொக்கம் ஒரு வருடச் செலவுக்கு வரும், முதல் கேள்வியில் சொன்ன அம்மாவின் கூலியை அது ஈடுகட்டாது.

கொஞ்சமாவது பலன் தருவது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரம் ஆக்கியது, மூன்றாவது குழந்தைக்கு 12 வாரம்தான். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு. தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும் போகும் பெண்ணுக்கு இவை எதுவும் எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு: 14,000 தவணைகளாக வங்கிக் கணக்கில், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்கே. கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் கிராம செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்காதவர்களுக்கு முதல் தவணை சிக்கலாகும். அங்கன்வாடி பிற்பகலோடு மூடிவிடும், தறியின் ஷிப்ட் மாலை தாண்டியும் ஓடும். அரசு நிஜமாகவே கவலைப்படுகிறது என்றால், அங்கன்வாடியை இரவு எட்டு மணி வரை திறந்து வைப்பதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (சூரமங்கலம் வாசகர்): வசதி இன்னும் நன்றாகக் கூடிவிட்டால் பிள்ளைகள் மறுபடி கூடுமா?

பதில்: அப்படி ஒரு நம்பிக்கை சில வருடம் இருந்தது. அதற்கு முன்மாதிரியாகக் காட்டிய நாடுகளில் ஒன்றான பின்லாந்தின் கருவள விகிதம் 2023-ல் 1.26-க்கு இறங்கியது.

கேள்வி (ஓமலூர் வாசகர்): எனக்கும் மனைவிக்கும் வயது 45. ஒரே மகள், பெங்களூரில் வேலை. அவளுக்குச் சுமையாக இருக்கக் கூடாது. எவ்வளவு சேர்க்க வேண்டும்? வீட்டை இப்போதே அவள் பெயருக்கு எழுதிவிடலாமா?

பதில்: தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது மதிப்பீடு. முதியோர் உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் அரசு எவ்வளவுதான் ஒதுக்கினாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது போதாது.

இன்றைய விலையில் மாதம் 20,000 ரூபாய் போதும் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் உங்கள் 60 வயதில் அதே வாழ்க்கைக்கு மாதம் சுமார் 47,900 ரூபாய் வேண்டும். 85 வயது வரை ஓட்ட, முதலீடு விலைவாசியைவிட 1 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால், கையிருப்பு சுமார் 1 கோடியே 27 லட்சம். ஆண்டுக்கு 9 சதவீத வளர்ச்சியில் 15 ஆண்டு சமமாகச் சேர்த்தால் மாதம் 33,500 ரூபாய். முதல் ஆண்டு 21,000-ல் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் 8 சதவீதம் கூட்டிக்கொண்டே போனாலும் அதே இடத்துக்கு வரலாம். பலர் தடுமாறுவது நடுவில்: மகள் கல்யாணத்துக்கு இந்தக் கணக்கை உடைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் இந்த வயதிலேயே எடுங்கள். சர்க்கரை நோய் வந்த பிறகு பிரீமியமும் ஏறும், காத்திருப்புக் காலமும் வரும்.

வீட்டை இப்போது எழுத அவசரம் வேண்டாம். உங்கள் காலத்துக்குப் பிறகு என்று உயில் எழுதினால் போதும். எழுதியே தீர வேண்டுமென்றால், தான செட்டில்மெண்ட் பத்திரத்தில் 'பெற்றோரை அவர்கள் ஆயுள் வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும், நீங்கள் இருவரும் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது முதலில் தேடுவது அந்த நிபந்தனையைத்தான். 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்ற வாசகம் மட்டும் இருக்கும் பத்திரங்கள்தான் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் இழுபடுகின்றன. பத்திர எழுத்தர் 'வழக்கமான மாடல் இதுதான்' என்று சொன்னாலும், கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பத்தி இருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.